நாலு விரல் இடைவெளி

ரொட்டி சுடும் கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையை அதற்கு மேலே எவ்வளவு உயரத்தில் பிடிப்பீர்கள்? மைக்கின் முன்னால் முதன்முதலாக நிற்கும் எந்தப் பெண்ணிடமும் ராத்தா கேட்கும் கேள்வி இதுதான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அந்தப் பெண்ணின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் தன்னுடைய நாலு விரல்களையும் சேர்த்துக் குறுக்கே வைப்பார்.

“தொட்டா சுடும். தூக்கினா சூடு விளங்கா. இவ்வளவுதான் தூரம். இதுல வச்சிக் கதைங்க.”

புத்தளம் பக்கத்துப் பெண்கள் கூட்டங்களில் அவரை ‘நாலு விரல் ராத்தா’ என்றுதான் சொல்வார்கள். ராத்தா என்றால் எங்களுடைய பேச்சில் அக்கா. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எழுதப்பட்டிருக்க வேண்டிய இடம் வேறு. அங்கே அது எழுதப்படவில்லை.

அந்த விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்தாவின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தது. அப்போது அவர் பதினைந்து வயதுப் பிள்ளை. ஒரு தென்னந்தோட்டத்துக்குள் முதலில் ஓலைக் கிடுகு, பிறகு தகரம், பிறகு கல் என்று அவர்களுடைய வீடு மெல்ல எழும்பியது. காணி வேறொருவருடையது. சில வருடங்களுக்கு முன் காணிக்காரரின் பிள்ளைகள் தோட்டத்தை விற்கப் புறப்பட்டார்கள். உள்ளே இருக்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் வேறு இடத்தில் காணித் துண்டு தரும் என்று அறிவித்து, வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தார்கள். அந்தக் கிழமை முழுக்க ராத்தாவின் கணவர் சீனி வியாதியால் கால் விரல்கள் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்தாவும் கூட இருந்தார். பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்து, ‘ஆட்கள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் காணி இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டை விட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.

ராத்தா எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்தார். “பாக்கிறம் எண்டுதான் சொல்றாங்க தம்பி. கடதாசிய அவங்க எப்பவும் பாக்கலாம், எப்பவும் பாக்காம விடலாம். ஒரு நாள் வாயால சொல்லக் கிடைச்சாப் போதும்” என்பார்.

எனக்குத் தொழில் மைக் செட் வாடகைக்கு விடுவது. பாலாவிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே என் வீடு. பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டு, சின்னது இரண்டு, ஒரு அம்பிளிபயர், வயர் உள்ள மைக்கும் வயர் இல்லாத மைக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிற நான் ஒரு நாளும் அதில் கதைத்ததில்லை. மற்றவர்களைப் போல ‘ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு’ என்று சொல்லிப் பார்க்கக்கூட மாட்டேன். மைக்கின் வலையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பேன். பொக்ஸில் கறகற என்று கேட்டால் சரி.

ராத்தாவை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஒரு முன்பள்ளியின் பரிசளிப்பு விழா. நடுவில் துணித்திரை, ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்றே கதைப்பார்கள். என் மேசை இந்தப் பக்கம். ஆண் பேச்சாளர் மைக்கைப் பிழையாகப் பிடித்தால் ஓடிப்போய்ச் சரி செய்துவிட்டு வரலாம். ஒரு பெண் கதைக்கும்போது நான் திரையை விலக்கிப் போய் அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்ட முடியுமா? மைக் கூவினால் அம்பிளிபயரில் சத்தத் திருகைக் குறைப்பேன், குறைத்தால் பேச்சுக் கேட்காது, கூட்டினால் மறுபடியும் கூவும். எங்களுடைய பக்கத்துக் கூட்டங்களில் பெண்களின் பேச்சு அனேகமாக இப்படித்தான் முடியும். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கதைத்தார்கள் என்பதே போதும் என்றிருப்பார்கள்.

அன்றைக்கு நன்றியுரை சொல்ல வந்த ஒரு தாய் மைக்கின் தலையை முழுக் கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். கூவிய கூவலில் பிள்ளைகள் வீரிட்டு அழுதன. நான் திருகோடு போராடிக்கொண்டிருந்தேன். திடீரென்று கூவல் நின்றது. பொக்ஸுக்குள்ளே இருந்து ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“தலையப் பிடிக்காத மகள். கழுத்தப் பிடி. நீ கோழி பிடிச்சதே இல்லையா?”

“பிடிச்சிருக்கன் ராத்தா.”

“தலையவா பிடிப்ப?”

ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். பிறகுதான் அந்த ரொட்டிக் கல் கேள்வி. பிறகு நன்றியுரை தெளிவாக வந்தது. முடிந்ததும் அதே குரல் கேட்டது: “மைக்கார தம்பி, இப்ப சரியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“வாயால சொல்லுங்க தம்பி. தலையாட்டினா திரைக்கு இங்கால எனக்கு எப்பிடி விளங்கும்?”

“சரி ராத்தா” என்றேன். இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் சரியா என்று மைக்கில் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு பெண்கள் கதைக்கும் கூட்டம் என்றால் என் மைக் செட்டோடு ராத்தாவையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். என் த்ரீவீல் ஆட்டோவில் ஏற மாட்டார். பஸ்ஸில் எனக்கு முன்பே வந்து, கதைக்கப் போகிறவர்களை ஒரு மூலையில் வைத்துப் பழக்கிக்கொண்டிருப்பார். மைக்கை ஊதிப் பார்க்கிறவர்களிடம், “அது அடுப்பில்ல, எரியாது” என்பார். தட்டிப் பார்க்கிறவர்களிடம், “தேங்காயா அது, முத்தினதா எண்டு பாக்க?” என்பார். முகம் மூடிய பெண்கள் கூச்சத்தில் மைக்கைத் துணிக்குள்ளே கொண்டுபோவார்கள். துணி உரசும் சத்தம் மணலை வாரிக் கொட்டுவது போலக் கேட்கும். ராத்தா அந்தத் துணியை வாய்க்கு முன்னால் ஒரு சொட்டு இழுத்துத் தளர்த்திவிட்டு, மைக்கை வெளியே வைத்து விரலால் அளந்து காட்டுவார்.

இன்னொன்று, எங்களுடைய பெண்களிடம் மட்டும் நான் கண்ட பழக்கம். கதைத்து முடித்ததும் மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுப்பார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது லைட்டை அணைப்பது போல. அடுத்தவர் செத்த மைக்கில் பாதிப் பேச்சைப் பேசிவிடுவார். எவ்வளவு சொன்னாலும் அந்தக் கை தன்பாட்டில் அணைக்கும். கடைசியில் ராத்தா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவிட்சின் மேல் ஒட்டினார். “காயம் ஆறும் மட்டும் கழட்டாதீங்க தம்பி” என்றார்.

ஒரு தடவை கற்பிட்டிப் பக்கம், கடற்கரையில், மீனவப் பெண்களின் கூட்டம். அங்கே கருவாடு போடும் ஒரு கத்தோலிக்க அக்கா கதைக்க வேண்டியிருந்தது. அலைக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். அவர் வாய் திறந்ததும் என் பொக்ஸ் இரண்டும் கரகரத்தன.

“கடலுக்குக் கத்துற மாரி மைக்குக்குக் கத்தாதீங்க மகள்” என்றார் ராத்தா.

“அப்ப எப்பிடி ராத்தா? மனுசனுக்குக் கத்துற மாரியா?”

“அது கடலுக்குக் கத்துறத விடக் கூட. இன்னும் குறைங்க.”

“பிள்ளைக்குப் புத்தி சொல்ற மாரி?”

“அதுலயும் கத்துவீங்க நீங்க. பிள்ள நித்திர கொள்ளுது. பக்கத்து வீட்டுப் பொம்புள வந்திருக்கா. அவக்கு ஒரு ரகசியம் சொல்றீங்க. அந்த மாரி.”

அந்த அக்கா அப்படியே கதைத்தார். தோணி கட்ட இடமில்லாமல் போன கதையை ரகசியம் போலச் சொன்னார். வந்திருந்த அதிகாரிகள் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள்.

ஏன் இந்த வேலை என்று நான் ராத்தாவிடம் கேட்டதில்லை. அன்றைக்குத் திரும்பும்போது பஸ் வர நேரம் எடுத்தது. நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார். “வந்த புதுசுல எங்கட உம்மா ஒரு கூட்டத்துல கதைச்சவ தம்பி. விட்டுட்டு வந்த எல்லாத்தையும் ஒண்டொண்டாச் சொன்னவ. மைக் இங்க, உம்மா அங்க. நான் உம்மாட பக்கத்துலதான் நிண்டன். எனக்கே கேக்கல்ல.” அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது.

தென்னந்தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் வாட்டசாட்டமான ஆள். அரைவாசிக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவதே அவர்தான். மைக்கை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு கையை வீசிக் கதைப்பார். ஒரு நாள் அவர் இப்படி முழங்கிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் இருந்த ராத்தா எழுந்து நாலு விரலை வாய்க்கு முன்னால் வைத்துக் காட்டினார். பக்கத்துப் பெண்ணும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பகுதி முழுக்க நாலு நாலு விரலாக எழும்பி நின்றது. தலைவர் இன்னும் நாலு நிமிடந்தான் இருக்கிறது என்று நினைத்து, அவசரம் அவசரமாகக் கடைசியில் சொல்லும் ஸலவாத்தைச் சொல்லி முடித்துவிட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவரும் சிரித்தார். சிரித்த முகத்தோடு ராத்தாவைப் பார்த்த பார்வையை மேசையிலிருந்த நான் கண்டேன்.

பிறகு அந்த அறிவித்தல் வந்தது. காணி விசயமாக அதிகாரிகள் வந்து ஒரு நாள் எல்லோரையும் நேரில் விசாரிப்பார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம். விடுபட்ட பெயர்களையும் அன்றைக்குச் சொல்லலாம். ராத்தா அந்தக் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். என்னிடமும் காட்டினார். “வாயால சொல்லக் கிடைச்சிருக்கு தம்பி.”

அதற்கு முந்திய கிழமை முழுக்க, பின்னேரங்களில், முன்பள்ளிக் கட்டடத்தில் பழக்கம் நடந்தது. பழுதாய்ப்போன மைக் ஒன்றை நான் கொடுத்திருந்தேன். அது ஒன்று போதாமல் அகப்பைக் காம்புகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஒரு நாள் வயர் வைக்கப் போனபோது உள்ளே பெரிய சிரிப்பு. வயதான ஒருவர் அகப்பையைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு அழுதுவிட்டாராம்.

“அழலாம்” என்று ராத்தா சொல்லிக்கொண்டிருந்தார். “அழக்குள்ள மைக்கக் கீழ விடாதீங்க. அழுகையும் உள்ள போகணும். முதல்ல பேர். பிறகு வீட்டு இலக்கம். பிறகு என்ன வேணும் எண்டு ஒரு வசனம். மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகு.”

“நீங்க பழகல்லியா ராத்தா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“எனக்கென்ன, ரெண்டு வசனந்தானே. லிஸ்ட் எடுத்த கிழமை எங்கட கதவு பூட்டி இருந்திச்சி. ஆக்கள் இல்லாம இல்ல, ஆஸ்பத்திரில இருந்தம்.” ராத்தா சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணின் கையைப் பிடித்து அகப்பையை உயர்த்தினார்.

விசாரணை புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அரசாங்கக் கூட்டமென்றபடியால் திரை இல்லை. மேசையில் மூன்று அதிகாரிகள். பெரியவருக்குத் தமிழ் விளங்கும். பதிவுக் கருவி ஒன்றை என் அம்பிளிபயரில் மாட்டினார்கள். பதிவில் இருப்பதைக் கேட்டுத்தான் பின்னால் அறிக்கை எழுதுவோம் என்று பெரியவர் தொடக்கத்திலேயே சொன்னார். ராத்தா பெண்கள் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? மைக்குக்குள்ள போகாதது புத்தகத்துல வரா” என்றார்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் இந்தத் தொழிலில் கண்டதில்லை. ஒரு கூவல் இல்லை. ஒரு தட்டல், ஊதல் இல்லை. ஒவ்வொருவராக வந்து, பெயர், இலக்கம், வேண்டியது என்று சொன்னார்கள். ராத்தா பக்கத்திலேயே நின்று, ஒருவர் முடித்ததும் வயர் இல்லாத மைக்கைத் தன் முந்தானையால் துடைத்து அடுத்தவர் கையில் வைத்தார். நான் திருகைத் தொடவே தேவையில்லை. முன்பெல்லாம் பெண்கள் என்ன சொன்னாலும் அதிகாரிகள் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சொன்னது எல்லாம் கேட்டபடியால் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு வந்தீர்கள், அங்கே இருந்த காணி என்ன ஆனது. மூன்று நிமிடம் பத்து நிமிடமானது. சாப்பாட்டுப் பார்சல்கள் வந்து ஓர் ஓரத்தில் அடுக்கியாகிவிட்டது. எல்லோரையும் முன்னுக்கு விட்டுவிட்டு ராத்தா கடைசியில் நின்றார்.

அவருடைய முறை வந்தபோது பெரிய அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் கடதாசிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சங்கத் தலைவர் அவர்களுடைய கதிரைகளுக்குப் பின்னால் நின்றார்.

ராத்தா மைக்கை நாலு விரல் தூரத்தில் பிடித்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார், ஸலாம் சொன்னார், பெயரைச் சொன்னார், வீட்டு இலக்கத்தைச் சொன்னார். “எனக்கு வேணும் எண்டது என்ட பேர் லிஸ்ட்டுல வாரது. லிஸ்ட் எடுத்த கிழமை எங்கட கதவு...”

தலைவர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து மெல்ல அமர்த்திக் காட்டினார்.

இந்தத் தொழிலில் யாராவது கை காட்டினால் கை போய்விடும். கூட்டு என்றால் கூட்டும், குறை என்றால் குறைக்கும். ஏன் என்று கேட்பதற்கு இடையில் நேரம் இருப்பதில்லை. என் கை போனது. ராத்தாவின் மைக்குக்குரிய திருகை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று காட்டினாரா, பட்டியல் எடுத்தபோது வீடு காட்டக் கூடப்போனது அவர்தான் என்பதால் காட்டினாரா, அன்றைய நாலு விரல் சிரிப்பு மனதில் இருந்ததா, எனக்குத் தெரியாது. கையைக் காட்டினார், அவ்வளவுதான். திருகைத் திருப்பியது நான்.

சத்தம் நின்றதும் ராத்தா கத்தவில்லை. மைக்கை அசைக்கவும் இல்லை. அதே தூரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபமான பார்வையில்லை. ஒரு சின்னப் பிழை, தம்பி இப்போது சரி செய்துவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை. திருகை வலப்பக்கம் திருப்ப ஒரு நொடி போதும். தலைவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசைக்குக் கீழே குந்தினேன். வயர்களைப் பிடித்து ஒவ்வொன்றாக ஆட்டினேன். எதுவும் கழன்றிருக்கவில்லை. கழன்றதைத் தேடுகிறவன் போல ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மேலே தலைவரின் குரல் கேட்டது. “மைக் பழுது போல. பரவால்ல, எழுத்துல தாங்க, நான் குடுக்கிறன்.”

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன். அதிகாரிகள் கை கழுவப் போய்விட்டார்கள். ராத்தா மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“பற்றரியா தம்பி?”

“ஓம் ராத்தா” என்றேன்.

“நான் நினைச்சன். இவ்வளவு பேர் கதைச்சா அதுவும் என்ன செய்யும்? நீங்க மனசுல போடாதீங்க.”

அடுத்த நாள் காலை யாரிடமோ இரண்டு புதுப் பற்றரிகள் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் அவற்றை மைக்கில் போட்டேன். இரண்டு கலியாணத்துக்கும் ஒரு பரிசளிப்புக்கும் வந்தன.

பதிவின் பிரதி ஒன்று என் போனிலும் இருந்தது. பின்னேரம் வீட்டில் யாருமில்லாத நேரம் கேட்டேன். ‘எங்கட கதவு’ வரைக்கும் ராத்தாவின் குரல் பக்கத்தில் இருந்து சொல்வது போல இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்பிளிபயரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு திருகு. பொக்ஸுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய திருகு. பெரிய திருகைக் குறைத்திருந்தால் பொக்ஸ் மட்டும் அடங்கியிருக்கும். தலைவருக்கும் நிம்மதி. மைக்கின் சத்தம் பதிவுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கும். ராத்தா என்னைப் பார்த்து நிறுத்தியிருப்பார்தான். ‘கொஞ்சம் சொல்லுங்க’ என்று ஒரு கை காட்டியிருந்தால் மிச்ச ஒன்றரை வசனத்தையும் சொல்லியிருப்பார். இருபது வருடம் இந்தத் தொழில் செய்தவன் நான். எந்தத் திருகு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒரு நாள் துணிந்து தலைவரின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி, அண்ணன் முறை வைத்து, “நானா, ராத்தாட கதை பதிவுல இல்ல” என்றேன்.

“அது பற்றரி போய்த்துத் தானே? ராத்தாவே சொல்லிட்டா. உங்கள ஒருத்தரும் குறை சொல்லல்ல. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதத்தில் ராத்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். ‘ஒலிபெருக்கிக் கோளாறு காரணமாக உங்கள் வாய்மொழி வேண்டுகோள் முழுமையாகப் பதிவாகவில்லை. தகுந்த அத்தாட்சியுடன் எழுத்து மூலம் அனுப்பவும்’ என்று இருந்தது.

“அத்தாட்சி எண்டா நீங்கதான் தம்பி” என்றார். “அண்டைக்கி நடந்தத ஒரு கடதாசில எழுதித் தாங்க. நான் கதைக்கத் தொடங்கினன், மைக்தான் நிண்டது எண்டு. நான் ஒண்டும் சொல்லாம இருக்கல்ல எண்டு.”

என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் அறைக்குள் போய்க் கொப்பியில் ஒரு தாள் கிழித்து உட்கார்ந்தேன். அங்கே தலைவர் இல்லை. மைக் இல்லை. வாய் திறக்கத் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுத எனக்குப் போதுமான எழுத்துத் தெரியும். ‘அன்றைய தினம் இவர் தனது பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கூறிய பின்’ என்று எழுதினேன். பேனா நின்றது. வெளியே ராத்தா என் மனைவியிடம் சிரித்துச் சிரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ‘மைக்கின் பற்றரி தீர்ந்தபடியால் சத்தம் நின்றுவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ராத்தா அதை இரண்டு தரம் வாசித்தார். “நல்ல எழுத்து தம்பி. உங்களுக்கு எழுதத் தெரியும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

அந்தக் கடதாசிக்கும் பதில் வந்தது. பட்டியல் மூடப்பட்டுவிட்டது என்று. மைக் பழுதானதற்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? யாரோ நிறுத்தினார்கள் என்று ஒருவன் எழுதியிருந்தால் ஒருவேளை திறந்து பார்த்திருப்பார்களோ என்னவோ. இல்லை, அப்போதும் திறந்திருக்க மாட்டார்கள் என்று சில நாட்களில் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

அகப்பை பிடித்துப் பழகிய பெண்கள் எல்லோருக்கும் காணி கிடைத்தது. அவர்கள் ஒவ்வொருவராகப் புது இடத்துக்குப் போனார்கள். ராத்தா தங்கச்சி வீட்டுப் பின்னறைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு, சாமான் ஏற்ற உதவி செய்யலாம் என்று காலையிலேயே போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

சின்ன லொறி ஒன்று வாசலில் நின்றது. ராத்தாவின் கணவர் காலில் கட்டோடு கதிரையில் இருந்தார். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

“இவர்தான் மைக்கார தம்பி” என்று ராத்தா என்னைக் காட்டினார். “அண்டைக்கி என்ட சத்தம் நிண்டதும் எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா? மேசைக்குக் கீழ குந்தி ஒவ்வொரு வயராப் பிடிச்சிப் பாத்தவர். பிறகு கடதாசியும் எழுதித் தந்தவர். ஒரு ஆளும் இந்த அளவுக்குச் செய்யல்ல.”

கணவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் தம்பி.”

“ராத்தா” என்றேன்.

“சொல்லுங்க தம்பி.”

லொறிக்காரர் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார். ராத்தாவும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அலுமாரிய நிப்பாட்டி வைக்கவா, படுக்க வைக்கவா?” என்று கேட்டேன்.

“படுக்க வைங்க. கண்ணாடி மேல் பக்கமா வரட்டும்” என்றார்.